சிறு குழலும் பெரு மிருகமும்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், இன்றைய உகாண்டாவின் வடகிழக்கு மூலையில் பரந்து கிடக்கும் கரமோஜா என்னும் வறண்ட பிரதேசத்துக்குள் யானைத் தந்தத்தைத் தேடிப் புகுந்த வால்டர் டால்ரிம்பிள் மெயிட்லண்ட் பெல் என்ற ஸ்காட்லாந்து இளைஞர், அக்காலத்து யானை வேட்டைக்காரர்கள் மானுக்குத்தான் ஆகும் என்று ஒதுக்கியிருக்கக்கூடிய ஒரு மெல்லிய துப்பாக்கியையே நம்பிச் சென்றார். அதிலிருந்து புறப்பட்ட குண்டின் விட்டம் ஏழு மில்லிமீட்டருக்குச் சற்றே அதிகம், எடை 11.2 கிராம். ஆறாயிரம் கிலோகிராம் வரை கனக்கக்கூடிய ஆப்பிரிக்க ஆண் யானையின் முன்னே இது என்ன செய்யும் என்று எவருக்கும் தோன்றும். ஆயினும் பெல் தம் வாழ்நாளில் வீழ்த்திய யானைகள் 1,011 என்றும், அவற்றுள் ஏறக்குறைய எண்ணூறு இந்த ஏழு மில்லிமீட்டர் துப்பாக்கிக்கு இரையானவை என்றும் வேட்டை வரலாற்றில் கணக்கு நிலைத்துவிட்டது.

ஆயிரத்துப் பதினொரு யானைகள் தந்தத்துக்காக மாண்டன என்பதை எண்ணும்போது நெஞ்சு கனக்கத்தான் செய்கிறது. அந்தத் தந்தம் பெரும்பாலும் பியானோக் கட்டைகளாகவும் பில்லியர்ட்ஸ் பந்துகளாகவும் மாறிப்போன ஒரு காலத்தை யாரும் திரும்ப அழைக்க விரும்பமாட்டார்கள். எனினும் பெல்லின் பெயர் இன்றளவும் வேட்டைக்காரர்களிடையே ஒரு வாதத்துக்கு உயிர் கொடுத்துக்கொண்டே இருக்கிறது. பெரிய மிருகத்தின்மேல் சிறிய தோட்டாவைப் பிரயோகிப்பது தகுமா, தகுமெனில் எந்தத் தோட்டாவை, எந்த நிபந்தனையின்மேல் என்ற அந்த வாதத்தின் முடிவைப் பொறுத்தே ஒரு மிருகம் அந்த இடத்திலேயே மாய்கிறதா, வயிற்றில் ஈயத்தைச் சுமந்துகொண்டு நாட்கணக்கில் காட்டில் அலைந்து மாய்கிறதா என்பது நிர்ணயமாகிறது. ஆகையால் அது துப்பாக்கிப் பிரியர்களோடு நின்றுவிட வேண்டிய விஷயமன்று.

பெல்லுக்கு முந்தைய தலைமுறையின் சித்தாந்தம் எளிமையானது: மிருகம் பெரிதானால் குண்டும் பெரிதாக வேண்டும். இலங்கையில் நுவரெலியாவில் குடியேறி, அத்தீவின் வேட்டையைப்பற்றி 1854இல் நூல் வெளியிட்ட சாமுவேல் பேக்கர், பிற்காலத்தில் ஆப்பிரிக்காவில் அரை ராத்தல் குண்டை எறியும் ஒரு துப்பாக்கியை எடுத்துச் சென்றார். அதைச் சுடும்போதெல்லாம் சுடுபவரையே அது சுழற்றித் தள்ளிற்று. அதே இலங்கையில் பதுளைப் பகுதியில் அதிகாரியாக இருந்த மேஜர் ராஜர்ஸ் ஆயிரத்து நானூறு யானைகளைக் கொன்றவர் என்று சொல்லப்படுகிறது. 1845இல் ஹப்புத்தளையில் இடி விழுந்து அவர் மாண்டார். அக்காலத்துக் கரிமருந்தால் குண்டை ஓர் எல்லைக்கு மேல் வேகமாகச் செலுத்த இயலவில்லை. வேகத்தைக் கூட்ட முடியாதபோது எடையைக் கூட்டுவதுதான் எஞ்சிய வழி. ஆகவே கால் ராத்தல் ஈய உருண்டையை எறியும் நான்காம் இலக்கத் துப்பாக்கிகள் தோன்றின. அவற்றைத் தம் இளமையில் தென் ஆப்பிரிக்காவில் பயன்படுத்திய பிரெடெரிக் செலூஸ், அவற்றின் உதைப்பு தம் நரம்புகளைப் பாதித்துக் குறிபார்க்கும் திறனையே பின்னாளில் கெடுத்துவிட்டதென்று வருந்தியிருக்கிறார். பெரிய துப்பாக்கிக்கு வேட்டைக்காரன் கொடுக்கும் விலை இன்னதென்று முதலில் மனம் திறந்து சொன்னவர்களுள் அவர் ஒருவர்.

1884இல் பிரெஞ்சு ரசாயன நிபுணர் போல் வியெய் புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்ததும், இரண்டே ஆண்டுகளில் பிரெஞ்சு ராணுவம் அதைக்கொண்டு எட்டு மில்லிமீட்டர் துப்பாக்கி ஒன்றை ஏற்றதும் இந்த நிலையைத் தலைகீழாக்கின. புதிய மருந்து குண்டை முன்னிலும் வெகு வேகமாகத் தள்ளிற்று. அந்த வேகத்தில் வெறும் ஈயம் குழலின் சுரிகளைப் பற்றாது உரிந்துபோனமையால், குண்டுக்கு உறுதியான உலோக உறை போர்த்த நேர்ந்தது. ஜெர்மனியின் பால் மௌஸர் 1892இல் வகுத்து, அடுத்த ஆண்டே ஸ்பெயின் ராணுவம் ஏற்றுக்கொண்ட ஏழு மில்லிமீட்டர் மௌஸர் தோட்டா இந்த மாறுதலில் பிறந்தது. ஐம்பத்தேழு மில்லிமீட்டர் நீளமுள்ள பித்தளைக் கூடு; அதன் வாயில் உருண்ட முனையும் நீண்ட உடலும் கொண்ட 11.2 கிராம் குண்டு. நொடிக்கு ஏறக்குறைய 700 மீட்டர் வேகம். 1898இல் கியூபாவில் ஸ்பானியர் கையிலும், 1899இல் தொடங்கிய போரில் தென் ஆப்பிரிக்கப் போயர்கள் கையிலும் இதன் வல்லமையை உலகம் கண்டது. அந்தத் தென் ஆப்பிரிக்கப் போரில் கனடியக் குதிரைப் படையில் சேர்ந்து பெல்லும் பங்கெடுத்திருந்தார்.

மெல்லிய குண்டு பருத்த குண்டைக் காட்டிலும் ஆழமாக ஊடுருவுவது எங்ஙனம்? இதைப் புரிந்துகொள்ள ஒரு சிறு கணக்கே போதும். எலும்பையும் தசையையும் பிளந்து செல்லும் குண்டை எதிர்ப்பது அதன் முகப்பின் பரப்பு. எதிர்ப்பை மீறி அதை முன்னே தள்ளுவது அந்த முகப்பின் பின்னால் திரண்டிருக்கும் எடை. பழைய நான்காம் இலக்கத் துப்பாக்கியின் 113 கிராம் ஈய உருண்டையில், முகப்பின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டருக்கும் பின்னால் ஏறக்குறைய 200 மில்லிகிராம் எடை இருக்கிறது. பெல்லின் ஏழு மில்லிமீட்டர் குண்டில் அதே சதுர மில்லிமீட்டருக்குப் பின்னால் 270 மில்லிகிராமுக்கு மேல் இருக்கிறது. பெல் விரும்பிப் பயன்படுத்திய மற்றொன்றான 6.5 மில்லிமீட்டர் மான்லிக்கர்-ஷோனவர் தோட்டாவின் 10.4 கிராம் குண்டிலோ அது 290ஐயும் தாண்டுகிறது. நூறு கிராமுக்கு மேற்பட்ட உருண்டையைவிடப் பத்துக் கிராம் குண்டு தன் தடிமனுக்கு அதிகக் கனமுடையது என்பதே இதன் சாரம். மேலும் ஈய உருண்டை எலும்பில் பட்டதும் நசுங்கி விரிகிறது. முழுக் கவசமிட்ட குண்டோ வடிவம் மாறாது, உருண்ட முனையின் காரணமாகத் திசையும் மாறாது, நேர்கோட்டில் செல்கிறது.

தென்னிந்தியக் காடுகளின் வேட்டைக் கதைகளைப் படித்தவர்கள் கென்னத் ஆண்டர்சனின் 0.405 வின்செஸ்டரை நினைவில் வைத்திருப்பார்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைக் காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அவர் அலைந்தபோது கையிலிருந்த துப்பாக்கி அது. 1909இல் தியோடர் ரூஸ்வெல்ட் ஆப்பிரிக்கச் சிங்கங்களுக்கென்று எடுத்துச் சென்றதும் அதே வகைதான். அதன் குண்டு 19 கிராமுக்கு மேல் கனத்தது, பத்து மில்லிமீட்டருக்கு மேல் தடித்தது. ஆனால் மேற்சொன்ன கணக்கில் அது 225 அளவிலேயே நிற்கிறது. புலிக்கும் சிங்கத்துக்கும் அது போதும், மிகவும் போதும். யானையின் கபாலத்துள் நுழைவதற்கோ அதைவிட இலேசான ஏழு மில்லிமீட்டர் குண்டே தகுந்ததாகிறது. பருமனை மட்டும் பார்த்துத் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பவர் ஏமாறுமிடம் இதுதான்.

ஆனால் ஊடுருவும் சக்தி இருந்துவிட்டால் மட்டும் யானை வீழ்ந்துவிடாது. குண்டு சேருமிடம் தெரிந்திருக்க வேண்டும். யானையின் தலை வெளியே காணும் பருமனுக்குரிய மூளையைக் கொண்டதன்று. ஐந்து கிலோகிராம் அளவுள்ள மூளை, தலையின் பின்புறத்தில் தாழ்வாக, காற்றறைகள் நிறைந்த கனத்த எலும்புத் திரளால் சூழப்பட்டு மறைந்திருக்கிறது. மிருகம் தலையைச் சற்று உயர்த்தினாலோ தாழ்த்தினாலோ முன்னிருந்து பார்ப்பவனுக்கு அதன் இடமே மாறிவிடுகிறது. பெல் செய்த காரியத்தை மற்றவர் எவரும் அத்தனை சிரத்தையுடன் செய்ததாகத் தெரியவில்லை: தாம் வீழ்த்திய யானையின் தலையை ரம்பத்தால் அறுத்து, மூளை எங்கே அமைந்திருக்கிறது, ஒவ்வொரு கோணத்திலிருந்தும் அதற்கு வழி எது என்று ஆராய்ந்து, அந்த வரைபடத்தை மனத்தில் பதித்துக்கொண்டார். நல்ல ஓவியராகவும் இருந்தமையால் தம் நூல்களில் அதைப் படமாகவும் வரைந்து காட்டினார். பின்னாலிருந்து சாய்வாக, கழுத்துத் தசைகளை ஊடுருவி மூளையை எட்டும் அரிய குறிக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

துப்பாக்கியின் தன்மையும் அவருக்குத் துணை நின்றது. கைப்பிடியுள்ள போல்ட்டைத் தூக்கிப் பின்னிழுத்தால் வெற்றுக் கூடு வெளியே விழுவதும், முன்னே தள்ளினால் அடுத்த தோட்டா அறைக்குள் ஏறுவதுமான அந்த எளிய யந்திரத்தில் ஐந்து குண்டுகள் தயாராக இருந்தன. கனத்த இரட்டைக் குழல் துப்பாக்கியில் இரண்டே இரண்டு. நாள் முழுதும் காட்டில் நடப்பவன் ஆறு கிலோகிராம் துப்பாக்கியை வேலையாள் தோளில் ஏற்றிவிட்டு, வேண்டிய கணத்தில் கை நீட்டி வாங்கும் நிலையில் இருப்பான். மூன்றரை கிலோகிராம் துப்பாக்கியைத் தானே சுமப்பவனுக்கு அது கையின் ஓர் அங்கமாகிவிடுகிறது. உதைப்பு குறைவாதலால் சுடுமுன் உடல் கூசிச் சுருங்குவதில்லை. அந்தக் கூச்சம்தான் குறியைக் கெடுக்கும் முதற் சத்துரு. அதோடு, மூளையில் அடிபட்டுச் சத்தமின்றிச் சாய்ந்த யானையின் அருகில், சிறு துப்பாக்கியின் கூரிய ஒலியால் அவ்வளவாக மிரளாத மற்ற யானைகள் கலையாது நின்றதையும் பெல் கவனித்தார். தோட்டா எந்நாளும் தவறாது வெடிக்க வேண்டும் என்பதிலும் அவர் கண்டிப்பானவர். மான்லிக்கரை அவர் பெரிதும் நேசித்தும் கைவிட நேர்ந்தது, அதற்குக் கிடைத்த தோட்டாக்களின் தரக் குறைவாலேயே.

இவற்றையெல்லாம் கேட்ட பலர், பெல்லின் வெற்றியைத் துப்பாக்கியின் வெற்றியாக எடுத்துக்கொண்டார்கள். இதை நான் பெருந்தவறு என்றே கருதுகிறேன். அசாதாரணமான கண்ணும் கையும் வாய்த்த ஒருவர், வாழ்க்கையின் முதன்மைத் தொழிலாகவே அதைச் செய்து, திறந்த புல்வெளியில், மனிதனை அதிகம் கண்டிராத யானைகளின் அருகில் சென்று, குறி சரியாக அமையாதபோது சுடாமல் திரும்பிவரும் பொறுமையையும் பெற்றிருந்தார். அந்தக் கண்ணும், அந்தக் கையும், அந்தப் பொறுமையும் தோட்டாப் பெட்டியோடு விற்கப்படுவதில்லை. மொசாம்பிக் பகுதியில் பல்லாண்டு யானை வேட்டையாடிய ஜான் டெய்லர் 1948இல் வெளியிட்ட ஆப்பிரிக்கத் துப்பாக்கிகளைப்பற்றிய நூலில் மறுதரப்பை வலுவாக எடுத்துரைத்தார். மூளை தவறி, தலையில் அதன் அருகே குண்டு பட்டால் என்ன ஆகும் என்பதே அவருடைய கேள்வி. குண்டின் எடையையும் வேகத்தையும் விட்டத்தையும் பெருக்கி அவர் ஓர் அளவுகோல் வகுத்தார், அதன்படி 0.577 நைட்ரோ எக்ஸ்பிரஸ் தோட்டாவின் 48 கிராம் குண்டு, ஏழு மில்லிமீட்டர் குண்டைப்போல் எட்டு மடங்கு மதிப்புப் பெறுகிறது. பெரிய குண்டு மூளையைத் தவறினாலும் யானையைச் சற்று நேரம் நிலைகுலைந்து விழச்செய்து, வேட்டைக்காரனுக்கு இரண்டாம் குண்டுக்கு அவகாசம் தருகிறது; சிறு குண்டு தவறினால் கோபங்கொண்ட யானைதான் மிஞ்சும். அடர்ந்த புதரில் பத்து கஜ தூரத்தில் நிற்பவனுக்கு டெய்லரின் வாதமே உயிர்காக்கும் வாதம் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஆப்பிரிக்க நாடுகள் பலவற்றின் சட்டமும் இந்தப் பக்கமே சாய்ந்தது. 1912இல் தோன்றிய 0.375 ஹாலண்ட் தோட்டாவையோ அதன் அளவையோ அபாயகரமான மிருகங்களுக்குக் குறைந்தபட்ச எல்லையாகப் பல நாடுகள் வைத்திருக்கின்றன. நமீபியா விட்டத்தைச் சொல்லாமல் சக்தியைச் சொல்லுகிறது: யானை, காட்டெருமை முதலியவற்றுக்கு 5,400 ஜூல், குடு, ஈலண்ட் போன்ற பெரு மான்களுக்கு 2,700 ஜூல், ஸ்பிரிங்பக் என்னும் சிறு மானுக்கு 1,350 ஜூல். பெல்லின் தோட்டா குழலை விட்டுப் புறப்படும்போதே ஏறக்குறைய 2,750 ஜூல்தான் கொண்டது. இன்று நமீபியாவில் அதை எடுத்துக்கொண்டு யானையின் அருகில் சென்றால் அது குற்றம். எல்லோரும் பெல் ஆகிவிட முடியாது என்ற எண்ணத்தின்மேல் எழுந்த இந்தச் சட்டங்களை நான் முழு மனத்தோடு ஏற்கிறேன்.

அப்படியானால் சிறு குழல் தோட்டாவுக்குரிய உண்மையான இடம் எது? மென்மையான தோலும், யானையைப் போன்ற எலும்புக் கோட்டையில்லாத உடலும் கொண்ட பெரு மான்களே அது என்று தயங்காமல் சொல்லலாம். அதற்கு ஸ்வீடனைவிடச் சிறந்த சாட்சி கிடையாது. அந்நாட்டின் ஊசியிலைக் காடுகளில் வாழும் மூஸ் என்னும் பெரு மானின் ஆண் நானூறு, ஐந்நூறு கிலோகிராம் வரை வளரும். ஸ்வீடனும் நார்வேயும் ஒரே முடியின்கீழ் இருந்த காலத்தில் இரு நாட்டு ராணுவங்களுக்குமாக வகுக்கப்பட்டு 1894இல் ஏற்கப்பட்ட 6.5 மில்லிமீட்டர் தோட்டா, நூறாண்டுக்கு மேலாக அந்த மூஸ்களின்மேல் பிரயோகிக்கப்பட்டு வருகிறது. அதன் நீண்ட 10.1 கிராம் குண்டு, முன் சொன்ன கணக்கில் 285க்கும் மேல் நிற்கிறது. ஸ்வீடன் நாட்டுச் சட்டம் மூஸ் வேட்டைக்கு இரு வழிகளைத் தருகிறது: குண்டு 9 கிராமானால் நூறு மீட்டர் தூரத்தில் 2,700 ஜூல் சக்தி வேண்டும், 10 கிராமும் அதற்கு மேலுமானால் 2,000 ஜூல் போதும். கனத்த குண்டு வேகம் குறைந்தாலும் ஆழமாகச் செல்லும் என்னும் உண்மையைச் சட்டமே ஒப்புக்கொள்ளும் அழகு இது. இந்த இரண்டாம் விதி இல்லாவிட்டால் அந்தப் பழைய தோட்டாவின் பல வகைகள் தகுதி இழந்துவிடும்.

இங்கே குண்டின் வகை அடியோடு மாறிவிடுகிறது. யானைக்குத் தேவைப்பட்ட முழுக் கவசக் குண்டு மூஸின் மேல் பட்டால் ஊசிபோல் நுழைந்து மறுபுறம் போய்விடும். மிருகம் வெகுதூரம் ஓடி, வெகு நேரம் துன்புற்றே மடியும். சுவாசகோசத்தையும் இருதயத்தையும் ஒருசேரச் சிதைத்து விரைவில் உயிர் போக்க வேண்டுமானால், முனையில் ஈயம் வெளித் தெரியும் மென்முனைக் குண்டு வேண்டும். அது தசையில் நுழைந்ததும் விரிந்து தன் விட்டத்தைப் பெருக்கிக்கொள்கிறது. ஆனால் விரிதலும் ஊடுருவுதலும் ஒன்றையொன்று எதிர்ப்பவை. அளவு மீறி விரையும் குண்டு மேற்புறத்திலேயே வெடித்துச் சிதறி, உள்ளே செல்லாமல் பெரும் புண்ணை மட்டும் உண்டாக்கிவிடும். 1946இல் கனடாவில் சேறு படிந்த தோலுடன் நின்ற ஒரு மூஸின்மேல் தம் அதிவேகக் குண்டுகள் இப்படிப் பயனற்றுப் போனதைக் கண்ட ஜான் நாஸ்லர், குண்டின் நடுவே ஓர் உலோகத் தடுப்பு வைத்து, முன்பாதி விரியவும் பின்பாதி உறுதியாய் உள்ளே செல்லவும் வழி செய்து, இரண்டு ஆண்டுகளில் அதை விற்பனைக்குக் கொண்டுவந்தார். முழுவதும் செம்பால் ஆன குண்டுகள் பிற்காலத்தில் அதே பிரச்சினைக்கு மற்றொரு விடையாக வந்தன. சிறு குழல் தோட்டாவைத் தேர்ந்தெடுப்பவன் பித்தளைக் கூட்டின் பெயரைவிடக் குண்டின் அமைப்பையே அதிகம் விசாரிக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான்.

ஏழு மில்லிமீட்டர் மௌஸர் தோட்டாவின் சரித்திரமே இதற்குப் போதிய நிரூபணம். லண்டன் ரிக்பி நிறுவனம் அதே பித்தளைக் கூட்டில் 9 கிராம் கூர்முனைக் குண்டைப் பொருத்தி, 0.275 ரிக்பி என்ற பெயரால் வெளியிட்டது. சம்பாவத் ஆட்கொல்லிப் பெண்புலியை 1907இல் மாய்த்ததற்காக ஐக்கிய மாகாணத் துணை ஆளுநர் ஜான் ஹியூவெட் ஜிம் கார்பெட்டுக்குப் பரிசளித்த துப்பாக்கி இந்த வகையைச் சேர்ந்தது. எட்டு ஆண்டுகளில் நூற்றிருபத்தைந்து மனிதரைக் கொன்ற ருத்ரபிரயாக் சிறுத்தையை 1926 மே மாதத்து இரவொன்றில் முடித்து வைத்ததும் 0.275 ரிக்பிதான். பெல் யானைக்கு எடுத்ததும் கார்பெட் சிறுத்தைக்கு எடுத்ததும் கூட்டளவில் ஒரே தோட்டா. முன்னதில் கனத்து, உருண்டு, விரியாத குண்டு. பின்னதில் இலேசாகி, கூராகி, வேகம் பெற்ற குண்டு. கார்பெட் புலியைத் தேடிச் செல்லும்போது பெரும்பாலும் கனத்த இரட்டைக் குழல் துப்பாக்கியையும் துணைக்கு வைத்திருந்தார் என்பதையும், சிறு துப்பாக்கியைப் புகழ்வோர் மறந்துவிடலாகாது. நம் நாட்டில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இந்தத் தேர்வுக்கே இடமில்லாமல் செய்துவிட்டது; கார்பெட்டே தம் பிற்காலத்தில் புலிகளைக் காக்கக் குரல் கொடுத்தவர்.

இன்று வடதேசங்களிலோ வட அமெரிக்காவிலோ மூஸ் வேட்டைக்குப் புதிதாய்ப் புகும் ஒருவர் என் அபிப்பிராயத்தைக் கேட்டால், தம் தோள் கூசாமல் தாங்கும் மிகப் பெரிய தோட்டாவை எடுத்துக்கொள்ளுமாறும், அது 6.5 மில்லிமீட்டரில் நின்றுவிட்டால் அதற்காக வெட்கப்படாமல் 10 கிராம் கனமுள்ள நல்ல குண்டைத் தேடுமாறும், தூரத்தைச் சுருக்கிக்கொள்ளுமாறும் சொல்வேன். வேகம் குறைந்த தோட்டா நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள் நம்பிக்கை தரும்; அதற்கு அப்பால் குண்டு விரிவதற்குரிய வேகத்தையே இழக்கத் தொடங்கும். மிருகம் பக்கவாட்டில் நிற்கும்வரை காத்திருக்க வேண்டும். பின்புறத்திலிருந்தோ கோணலாகவோ கிடைக்கும் குறி பெரிய துப்பாக்கிக்காரனுக்கே ஆகாதது, சிறு துப்பாக்கிக்காரனுக்கு அறவே ஆகாதது. நார்வேயில் பெரு மிருக வேட்டைக்குச் செல்பவர் ஒவ்வோர் ஆண்டும் முப்பது குண்டுகள் சுட்டுப் பயின்று, பின் நூறு மீட்டர் தூரத்தில் முப்பது சென்டிமீட்டர் வட்டத்துக்குள் ஐந்து குண்டுகளையும் செலுத்திக் காட்ட வேண்டும். ஒன்று வெளியே போனாலும் அந்தப் பரீட்சையில் தேறவில்லை.

ஸ்வீடனோ இன்னும் ஒரு படி மேலே சென்றிருக்கிறது. தோட்டாவின் எடையையும் சக்தியையும் அத்தனை நுணுக்கமாக விதித்த அதே சட்டம், மூஸ் வேட்டைக்குச் செல்பவர், அடிபட்ட மிருகத்தின் சுவட்டைப் பின்தொடரப் பழக்கப்பட்ட நாய் ஒன்றை, சுட்ட இடத்துக்கு இரண்டு மணி நேரத்துக்குள் கொண்டுவர முன்கூட்டியே ஏற்பாடு செய்திருக்க வேண்டும் என்றும் விதிக்கிறது. நாய் தம்முடையதாக இருக்க வேண்டுமென்பதில்லை. அக்கம்பக்கத்து வேட்டைக் குழுவினர் பலர் சேர்ந்து ஒரே நாய்க்கு ஏற்பாடு செய்துகொள்வதும் உண்டு. ஆனால் அந்த ஏற்பாடில்லாமல், எத்தனை சிறந்த தோட்டாவை வைத்திருந்தாலும், எவரும் மூஸை நோக்கி விசையை அழுத்த அங்கே அனுமதியில்லை.